அடுப்பை அணைக்கும் முன்

"சமைக்காத உணவுக்கு மாறலாமா தோழர்?"

கடந்த ஓராண்டாக எங்களோடு பழகும் மாணவர்களிடமிருந்து இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. செல்போனைத் திறந்தால் 21 நாள் சவால், 48 நாள் சவால் என்று காணொளிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அடுப்பில் ஏறியதெல்லாம் செத்த உணவு, பச்சையாக இருப்பதே உயிருள்ள உணவு என்கிறார்கள். காய்கறி, பழம், தேங்காய், முளைகட்டிய பயறு மட்டும் போதும். சர்க்கரை போகும், ரத்த அழுத்தம் போகும், மாத்திரையைக் குப்பையில் போடலாம் என்கிறார்கள்.

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட எங்களால் முடியவில்லை. கேட்கும் பிள்ளைகளின் வீடுகளை நாங்கள் அறிவோம். ஐம்பது வயது நிறையும் முன்பே சர்க்கரை நோயால் கால் விரலை இழந்த அப்பாக்கள் அங்கே இருக்கிறார்கள். ரத்த அழுத்த மாத்திரையைப் பாதி உடைத்து இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்ளும் அம்மாக்கள் இருக்கிறார்கள். நம் பெற்றோரின் உடம்பு போன வழியில் நம் உடம்பு போகக் கூடாது என்று ஒரு மாணவர் நினைப்பது நல்ல நினைப்பு. உடல்நலம் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு, நமக்குப் போராட்டம்தான் முக்கியம் என்று பேசும் மூத்த தோழர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. உடம்பு இல்லாமல் போராட்டம் ஏது?

ஆனால் அடுப்பை அணைக்கும் முன் சில விஷயங்களைப் பேசியாக வேண்டும். அதற்கு எங்கள் வாசிப்பு வட்டத்தில் நடந்த ஒன்றே காரணம்.

ஒரு தங்கையின் நான்கு மாதம்

எங்கள் வட்டத்துக்கு வரும் தங்கை ஒருவர் முதுகலை படிக்கிறார். நகரத்தில் மூன்று பெண்களோடு சேர்ந்து வாடகை அறையில் இருக்கிறார். சென்ற ஆண்டு அவர் முழுக்க முழுக்கச் சமைக்காத உணவுக்கு மாறினார். முதல் மாதம் எடை குறைந்தது, முகம் தெளிந்தது, வயிறு லேசாக இருந்தது. எங்களில் சிலரும் பாராட்டினோம். கூட்டத்துக்கு அவர் கொண்டுவந்த வெள்ளரிப் பிஞ்சுகளைப் பங்கு போட்டுத் தின்றோம். பின்னால் நடந்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

மூன்றாம் மாதம் முடி கொட்டியது. மாதவிடாய் நின்றது. "உடம்பு கழிவை வெளியேற்றுகிறது, பொறுத்துக்கொள்" என்று காணொளியில் சொன்னதை அவர் நம்பினார். நான்காம் மாதம் பேருந்துப் படிக்கட்டில் மயங்கி விழுந்தார். அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.8. பெண்களுக்கு அது 12-க்குக் குறையக் கூடாது. மருத்துவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "முட்டைகூடவா சாப்பிடக் கூடாதுன்னு யாரோ சொன்னாங்க?"

சில வாரங்கள் கழித்து எங்களோடு உட்கார்ந்து பேசியபோதுதான் உண்மை வெளிவந்தது. ஊரிலிருந்து அம்மா கட்டிக் கொடுக்கும் உப்புக்கண்டத்தையும் கருவாட்டையும் அறையில் திறந்த நாளெல்லாம் அறைத்தோழிகள் மூக்கைப் பிடித்திருக்கிறார்கள். ஒருநாள் ஊதுபத்தி ஏற்றியிருக்கிறார்கள். வீட்டு உரிமையாளர் காதுக்கு விஷயம் போனது. "நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு?" என்ற விசாரிப்பு தொடங்கியது. அதற்கு அடுத்த வாரம்தான் தங்கை பச்சைக் காய்கறிக்கு மாறினார்.

"வெள்ளரிக்காய்க்கு வாடை இல்லக்கா. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டபின் எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை. உடல்நலத்துக்கான முடிவென்று நாங்கள் நினைத்தது, பாதிக்கு மேல் ஒளிந்துகொள்வதற்கான முடிவாக இருந்திருக்கிறது.

அறிவியல் என்ன சொல்கிறது?

முதலில் உடம்பைப் பற்றிப் பேசுவோம். சமைக்காத உணவில் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. வைட்டமின் சி சூட்டில் அழியும், கொதிக்கும் நீரில் கரைந்து ஓடும். காயும் பழமும் தரும் நார்ச்சத்து நம் தட்டில் மிகக் குறைவு. எண்ணெயில் பொரித்ததும் பாக்கெட்டில் அடைத்ததும் சர்க்கரை போட்டதும் ஒரே நாளில் நின்றால் எவருக்கும் உடம்பு லேசாகத்தான் இருக்கும். முதல் மாத நிம்மதிக்குக் காரணம் பெரும்பாலும் விட்டதுதான். அந்தப் பெயரைப் பச்சை உணவு தட்டிக்கொண்டு போகிறது.

உயிருள்ள உணவு, நொதிகள் என்ற வாதத்துக்கு வருவோம். காய்கறியில் உள்ள நொதிகள் புரதங்கள். நம் இரைப்பை அமிலம் அவற்றில் பெரும்பாலானவற்றை மற்றப் புரதங்களைப் போலவே சிதைத்துவிடும். நாம் செரிப்பதற்குத் தேவையான நொதிகளை நம் உடம்பே சுரக்கிறது. தக்காளியின் லைக்கோபீனும் கேரட்டின் பீட்டா கரோட்டினும் சற்று வேகவைத்து எண்ணெயோடு சேரும்போதுதான் நன்றாக உடம்பில் சேர்கின்றன. வேகவைத்த முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை நாம் செரிக்கிறோம். பச்சை முட்டையில் ஏறத்தாழ பாதியை மட்டுமே. ராஜ்மாவைப் பச்சையாகத் தின்றால் வாந்தியும் பேதியும்தான் மிச்சம். மரவள்ளிக்கிழங்கில் சயனைடைத் தரும் பொருள் இருக்கிறது; வேகவைப்பது நம் பாட்டிகள் கண்ட பாதுகாப்பு. நெருப்பில் சமைக்கத் தொடங்கியதுதான் மனித மூளை வளர்ந்ததற்கு முக்கியக் காரணம் என்று மானுடவியலாளர் ரிச்சர்ட் ராங்கம் 2009-இல் ஒரு நூலே எழுதினார். அதில் விவாதம் உண்டு. ஆனால் சமைத்த உணவிலிருந்து கூடுதல் ஆற்றல் கிடைக்கிறது என்பதில் பெரிய விவாதம் இல்லை.

நீண்ட காலம் பச்சை உணவிலேயே இருந்தவர்களை ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். 500-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 1999-இல் வெளியான முடிவின்படி, 45 வயதுக்கு உட்பட்ட பெண்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு மாதவிடாய் முறை தவறியிருந்தது அல்லது அறவே நின்றிருந்தது. 2005-இல் வெளியான அடுத்த ஆய்வில் கெட்ட கொழுப்பு குறைந்திருந்தது. அது நல்ல செய்திதான். கூடவே நல்ல கொழுப்பும் குறைந்திருந்தது. 38 விழுக்காட்டினருக்கு பி12 குறைபாடு இருந்தது. எங்கள் தங்கைக்கு நேர்ந்தது அதிசயம் அல்ல என்பது அதைப் படித்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது.

இவர்கள் ஐரோப்பியர்கள். வயிறார உண்டு வளர்ந்து, பிறகு விரும்பி இதற்கு மாறியவர்கள். நம் பெண்கள் எங்கிருந்து தொடங்குகிறார்கள்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 விழுக்காடு. இறைச்சியிலும் ஈரலிலும் மீனிலும் உள்ள இரும்புச்சத்து கீரையில் உள்ளதைவிட எளிதாக உடம்பில் சேரும். பி12 இயற்கையில் விலங்குணவிலிருந்துதான் நம்பகமாகக் கிடைக்கும். ஏற்கெனவே ரத்தம் குறைந்த ஒரு பெண்ணிடம் போய் ஈரலையும் முட்டையையும் சோறு பருப்பையும் விடு, வெள்ளரிக்காயைத் தின் என்பது ஆரோக்கிய அறிவுரை ஆகுமா?

பச்சையாகத் தின்பது நமக்குப் புதிதும் அல்ல. நம் ஊர்களில் பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்னும் பெண்களைப் பார்த்திருப்போம். வாய் ருசி என்று கேலி செய்திருப்போம். அது பல நேரம் ரத்தசோகையின் அடையாளம் என்கிறது மருத்துவம்.

காந்தியின் சோதனை

சமைக்காத உணவின் வரலாற்றையும் தெரிந்துகொள்வது நல்லது. சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகர மருத்துவர் பிர்ச்சர்-பென்னர் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பச்சை ஆப்பிளைத் துருவி ஓட்ஸோடு சேர்த்துத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்தார். இன்று கடைகளில் விற்கும் மியூஸ்லி அப்படிப் பிறந்ததுதான். இந்தியாவில் காந்தி இதை இரண்டு முறை செய்து பார்த்தார். 1893-இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு முறை. பிறகு 1929-இல் ஆசிரமத்தில் தோழர்களோடு சேர்ந்து. தம் 'யங் இந்தியா' இதழில் அதைப் பற்றி விரிவாக எழுதினார். சில மாதங்களில் உடல் தளர்ந்து, வயிற்றுக்கடுப்பு வந்து, சோதனையைக் கைவிட்டார். அதையும் மறைக்காமல் எழுதினார்.

காந்தியோடு நமக்கு ஆயிரம் கணக்குகள் உண்டு. ஆனால் தோற்ற சோதனையைத் தோற்றது என்று எழுதிய நேர்மையை நாம் மறுக்க வேண்டியதில்லை. இன்று 21 நாள் சவால் நடத்துகிறவர்கள் 22-ஆம் நாள் என்ன ஆனது என்று சொல்வதில்லை.

தீட்டு எங்கே ஏறுகிறது?

உணவில் சாதி எந்த இடத்தில் நுழைகிறது என்று நாம் யோசித்திருக்கிறோமா?

அரிசியாக, பருப்பாக, வாழைக்காயாகக் கொடுத்தால் யார் கையிலிருந்தும் வாங்கிக்கொள்ளும் ஆசாரம், அதே அரிசியை நாம் உலையில் போட்டு வடித்துக் கொடுத்தால் வாங்காது. வட இந்தியாவில் இதற்குத் தனி இலக்கணமே உண்டு. தண்ணீரில் வேகவைத்தது ஒரு தட்டு, நெய்யில் பொரித்தது இன்னொரு தட்டு, சமைக்காதது வேறொரு தட்டு. முதலாவதை யாரிடமிருந்து வாங்கலாம் என்பதில் கட்டுப்பாடு அதிகம். கடைசியில் அறவே குறைவு. நம் கை விதைத்து, நம் கை அறுத்து, நம் கை குத்திய அரிசியில் தீட்டு இல்லை. நம் அடுப்பில் ஏறி இறங்கியதும் தீட்டு வந்துவிடுகிறது. சாதிக்கு நம் உழைப்பு வேண்டும், நம் சமையல் வேண்டாம்.

1936-இல் ஜெய்ப்பூர்ப் பகுதியின் சக்வாரா ஊரில், புனித யாத்திரை முடித்துத் திரும்பிய தீண்டப்படாத ஒருவர் தம் சாதியினருக்கு நெய் ஊற்றி விருந்து வைத்தார். சாதி இந்துக்கள் தடிகளோடு வந்து உணவைப் பாழாக்கி விருந்தினரை அடித்து விரட்டினார்கள். 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் இதைப் பதிவு செய்திருக்கிறார். பழங்கதை என்று தள்ள முடியுமா? 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் போர்க்கொடி தூக்கினார்கள். 2021 டிசம்பரில் உத்தராகண்டின் சம்பாவத் மாவட்டத்தில் தலித் பெண் சமைத்த மதிய உணவைச் சாதி இந்துப் பிள்ளைகள் உண்ண மறுத்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம் ஒரு கொய்யாப்பழத்தைக் கொடுத்திருந்தால் வாங்கியிருப்பார்கள்.

இதனால் பச்சை உணவைப் பரிந்துரைப்பவர்கள் எல்லோரும் சாதி பார்ப்பவர்கள் என்று சொல்ல வரவில்லை. நல்ல நோக்கத்தோடு பேசும் பலரை எங்களுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் வாயில் இயல்பாக வந்து விழும் சொற்களைக் கவனியுங்கள். சுத்தமான உணவு, சாத்விக உணவு, தாமச உணவு. பகவத் கீதையின் 17-ஆம் அத்தியாயம் உணவை இப்படித்தான் மூன்றாகப் பிரிக்கிறது. பழையதும் எச்சிலும் தாமச குணம் உள்ளவர்களுக்குப் பிடித்தவை என்கிறது அது. பழையதையும் எச்சிலையும் தவிர வேறெதையும் நம் முன்னோருக்குக் கொடுக்காதவர்கள் யார்? அதைக் கொடுத்துவிட்டு அதுவே உன் குணம் என்று எழுதிவைத்தவர்கள் யார்?

உணவை மறுப்பதே தவறு என்பதும் எங்கள் கருத்து அல்ல. எச்சில் சோற்றையும் செத்த மாட்டின் கறியையும் இனி தொடாதீர்கள் என்று 1927-இல் மகாடில் அம்பேத்கர் மக்களிடம் சொன்னார். அந்த மறுப்பு தலையை நிமிர்த்தியது. நம் தங்கையின் மறுப்பு அவரைத் தம் அறைக்குள்ளேயே தலைகுனிய வைத்தது. ஓர் உணவை விடுவதற்கு முன் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: இதை விட்டபின் நான் நிமிர்கிறேனா, குனிகிறேனா?

தோப்பும் தண்ணீரும்

கணக்கையும் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவர் வாழைப்பழத்தாலேயே அதை எட்ட வேண்டுமானால் சுமார் 20 பழம் தின்ன வேண்டும். கேரட் என்றால் ஏறத்தாழ 5 கிலோ. வெள்ளரிக்காய் என்றால் 13 கிலோ. அதனால்தான் பச்சை உணவுக்காரர்கள் பாதாம், முந்திரி, பேரீச்சை என்று போகிறார்கள். ஆதிதிராவிடர் நல விடுதியில் கல்லூரி மாணவர் ஒருவருக்கான உணவுப்படி 2023-இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. ஒரு நாளைக்கு 50 ரூபாய். அதில் எத்தனை பாதாம் வரும்?

பழம் வேண்டுமென்றால் மரம் வேண்டும். மரத்துக்கு நிலம் வேண்டும். 1892-இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் இன்று யார் கையில் இருக்கின்றன என்று கேட்காமல் ஊரெல்லாம் தோப்பு வைத்து வாழலாம் என்று பேசுவதில் பொருள் இல்லை.

காயைப் பச்சையாகத் தின்ன வேண்டுமானால் அதைக் கழுவும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது, குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் தெரியவந்தது. அந்த ஊர்ப் பிள்ளையிடம் போய், கொதிக்கவைப்பது உயிர்ச்சத்தைக் கொல்லும் என்று நாம் சொல்ல முடியுமா? கழிவுநீர் பாயும் வயல்களின் கீரையும் நம் சந்தைக்குத்தான் வருகிறது. வசதியான நாடுகளும் தப்பவில்லை. 2011-இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தோடு தொடர்புடைய கிருமித் தொற்றில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு நெருப்புதான் கடைசிக் காவல்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

சமைத்ததைக் கழிக்காமல் பச்சையைக் கூட்டுங்கள் என்பதே எங்கள் பதில். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 2,000 கலோரி உணவில் 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் இருக்கட்டும் என்கிறது. தட்டில் ஏறத்தாழ பாதி அது. நம் தட்டில் பாதி வெள்ளைச் சோறு. ரேஷன் அரிசி நம்மைப் பட்டினியிலிருந்து காத்தது. அதை இழிவாகப் பேசும் பணக்காரப் பேச்சுக்கு நாம் துணை போக வேண்டாம். ஆனால் மூன்று வேளையும் அதுவே என்றால் அப்பாவின் விரலுக்கு நேர்ந்தது நமக்கும் நேரும். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பருப்பும் முட்டையும் காயும் கூடட்டும்.

ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம் பச்சைக் காய்: நன்றாகக் கழுவிய கேரட், வெள்ளரி, சின்ன வெங்காயம், மேலே எலுமிச்சைச் சாறு. ஆப்பிளைத் தேட வேண்டாம். கொய்யாவும் நெல்லிக்காயும் மலிவு, வைட்டமின் சி அவற்றில்தான் அதிகம். கீரையோடு எலுமிச்சை சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்; சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் அது தடைபடும். பாதாமுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. முளைகட்டிய பயற்றை ஆவியில் ஒரு தட்டு ஏற்றி இறக்கிவிடுங்கள்.

முட்டை, கருவாடு, மாட்டுக்கறி, ஈரல், ரத்தப் பொரியல் எதற்கும் வெட்கப்படாதீர்கள். ஊர் வேண்டாமென்று ஒதுக்கிய பாகங்களிலிருந்து நம் பாட்டிகள் ஒரு சமையலையே உருவாக்கினார்கள். மராத்வாடா தலித் மக்களின் சமையலைப் பற்றி ஷாஹு படோளே 2015-இல் மராத்தியில் ஒரு முழு நூல் எழுதினார். நம் அம்மாக்களின் சமையலை எழுத நம்மில் யார் உட்காரப் போகிறோம்?

பெண் தோழர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நின்றால் அது கழிவு வெளியேறுவது அல்ல. உடனே மருத்துவரைப் பாருங்கள். அப்பா அம்மாவின் சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ காணொளி பார்த்து நிறுத்தாதீர்கள். மருந்து எடுப்பவர் திடீரென உணவைக் குறைத்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரும் பழமுமே ஆபத்தாகலாம்.

விடுதி மாணவர்களே, தட்டில் காயும் முட்டையும் எத்தனை நாள் வருகின்றன என்று ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் உணவுப் பட்டியலைக் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 21 நாள் சவால் வேண்டுமானால் அதைச் சவாலாக எடுங்கள்.

எங்கள் தங்கை மாத்திரையும் முட்டையும் ஈரலுமாக இப்போது தேறி வருகிறார். போன முறை பார்த்தபோது ஹீமோகுளோபின் 10.6. பச்சைக் காய்க் கிண்ணத்தையும் அவர் விடவில்லை. அது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அம்மா கட்டிக் கொடுத்த டப்பாவைக் கொண்டுவருகிறார். எங்கள் நடுவில் உட்கார்ந்து திறக்கிறார்.

தம் அறையில் அவர் இன்னும் அதைத் திறப்பதில்லை. நம் வேலை அங்கேதான் மிச்சமிருக்கிறது.